பாரிசுக்கு ஆள் அனுப்பிய தொகுதி

காரைக்காலுக்கு டெல்லியில் ஓர் எம்.பி. கிடைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பாரிசில் ஓர் எம்.பி. இருந்தார். இதைச் சொன்னால் இப்போது காவல் நிலையத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போன தேர்தலுக்கு வாக்குச்சாவடிக் காவலுக்குப் போகவிருந்த இளம் காவலர்கள் சிலர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், பக்கத்துத் தெருக்காரர், கேட்டார்.

"சாவடிக்குள்ள தகராறுன்னா நாம உள்ள போகலாமா, கூடாதா ஐயா?"

"தலைமை அலுவலர் கூப்பிட்டால் போகலாம்" என்றேன்.

"அவரு கூப்பிடலன்னா?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன். காபி வந்தது, குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வது எனக்குச் சுலபமல்ல. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஆங்கிலேயன்தான். எங்களுக்குப் பிரெஞ்சுக்காரன். இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் எல்லாம் சேர்த்து ஒரே பாராளுமன்றத் தொகுதி. இரண்டு வங்கக் கடலோரம், ஒன்று மலையாளக் கரையில், ஒன்று கோதாவரி முகத்துவாரத்தில். தமிழ், மலையாளம், தெலுங்கு என்று மூன்று பாஷை. இந்த ஊர்களெல்லாம் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் கப்பல் ஏறிப் பாரிசுக்குப் போய் அங்குள்ள தேசிய சபையில் உட்காருவார். யுத்தத்துக்குப் பிறகு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று சட்டம் வந்துவிட்டது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பண்ணையாருக்கும் ஒன்று, அவர் வயலில் சேறு மிதிப்பவருக்கும் ஒன்று. காகிதத்தில் அது பெரிய காரியம்தான்.

நான் திருவேட்டக்குடிக்காரன். அப்பா கட்டுமரத்தில் போனவர். துடுப்புப் போட்ட தோள் என்பதால் போலீசுக்கு ஆள் எடுத்தபோது மார்பு அளவுக்கு எனக்குச் சிக்கல் வரவில்லை. பாண்டிச்சேரியில் பயிற்சி. நடை, சலாம், நூறு இருநூறு பிரெஞ்சு வார்த்தைகள், சிவப்புத் தொப்பி. அவ்வளவுதான். திரும்பி வந்ததும் என்னைச் சூசை ஐயாவின் கீழ் போட்டார்கள்.

சூசை ஐயா பிரிகாதியே. இப்போதைய கணக்கில் தலைமைக் காவலர் என்று வைத்துக்கொள்ளலாம். காரைக்கால் கோவில்பத்துக்காரர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். குடும்பமே இரண்டு தலைமுறைக்கு முன்பு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் சட்டப்படி அவர் பிரெஞ்சுக்காரர். நிறம் என்னவோ என்னைவிடக் கறுப்பு. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கள் குடித்துவிட்டுப் புரள்பவனிடம்கூட "எழுந்திருங்க, போவலாம் வாங்க" என்பார். ஆனால் ஓர் உத்தரவு கொடுத்தால், அதை நாம் அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை மாறினால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்வார். "சட்டத்துல ஒரு வார்த்தை ஒரு ஆணி மாதிரி ராசு. ஒண்ணைப் பிடுங்குனா பலகை ஆடும்" என்பார். சட்டம் என்றால் அவருக்கு வேதம் மாதிரி. ஞாயிறு பூசைக்குப் போகும்போது முகத்தில் இருக்கும் அமைதி, ஆணையை வாசிக்கும்போதும் இருக்கும்.

ஐம்பத்தொன்றில் பாரிஸ் சபைக்குத் தேர்தல் வந்தது. கோடை தணியாத ஆனி மாதத் தொடக்கம். எங்களுக்கு நெடுங்காட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் காவல். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே நான் சொல்லப்போகும் பண்ணைக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஊரில் பாதி நிலம் ஒருவருடையது. அவரைப் பெரிய பண்ணை என்றே எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பிரெஞ்சு படித்தவர். வாக்குச்சாவடிக்கும் அவரே தலைவர். எந்த வேட்பாளருக்காக அவர் வேலை செய்தார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இரண்டு பக்கமும் அடியாட்கள் இருந்தார்கள். அந்த வேட்பாளருக்கு இப்படியொரு ஊர் இருப்பதுகூடத் தெரிந்திருக்காது.

தேர்தலுக்கு முன்னால் ஊர் ஊராகத் தண்டோரா போட்டு முறையை விளக்க வேண்டும் என்று உத்தரவு. சூசை ஐயா அதை மற்றவர்கள் போலச் சடங்காகச் செய்யவில்லை. பண்ணையாட்கள் இருந்த சேரிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வாய்க்கால் தூர் எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கூடி நின்றார்கள். அவர் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"பேரைச் சொன்னா ஒரு உறை குடுப்பாங்க. மேசையில ஒவ்வொரு வேட்பாளர் பேரும் அச்சடிச்ச சீட்டு அடுக்கி இருக்கும். எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்துக்கணும். மூலையில துணி கட்டி மறைச்சிருக்கும். அதுக்குள்ள போயி, வேணுங்கற சீட்டை உறைக்குள்ள வச்சிட்டு, வெளிய வந்து நீங்களே பெட்டியில போடணும். போட்டதும் தலைவர் 'ஆ வோத்தே'ன்னு சத்தமா சொல்லுவாரு. ஓட்டு விழுந்துடுச்சுன்னு அர்த்தம்."

கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். மெலிந்த ஆள், முப்பது வயதிருக்கும். காத்தான் என்று பெயர். அவர் மனைவி அஞ்சலை பக்கத்தில் நின்றார்.

"அந்தத் துணிக்குள்ள கூட யாரு வருவாங்க எசமான்?"

"யாரும் வரமாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான்."

"ஆண்டை எட்டிப் பாத்தா?"

"பாக்கக் கூடாது."

"ஆண்டை கூடவாங்க?"

"கவர்னர் வந்தாகூட எட்டிப் பாக்கக் கூடாது" என்றார் சூசை ஐயா.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காத்தான் சிரிக்கவில்லை. அஞ்சலை பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்தார். பிறந்ததிலிருந்து காத்தான் எங்கே நின்றாலும் யாராவது பார்த்துக்கொண்டிருந்த வாழ்க்கை. வயலில் பண்ணையின் காரியக்காரர் பார்ப்பார், தெருவில் ஊர் பார்க்கும். யாருமே பார்க்கக் கூடாத ஓர் இடம் தனக்கும் உண்டு என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது என்று பிற்பாடு அஞ்சலை என்னிடம் சொன்னார். "யாருக்குப் போடுறதுங்கறது பத்தியே அவரு பேசல. துணிக்குள்ள போவணும், துணிக்குள்ள போவணும்னுதான் பேசுனாரு."

தேர்தல் நாள் காலையில் பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியானது. பெட்டி வெறுமையாக இருப்பதைத் திறந்து காட்டினார்கள். இரண்டு பூட்டு, ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று சாவடிக் குழு உறுப்பினரில் மூத்தவரிடம். முறையெல்லாம் சரியாகவே தொடங்கியது. பிறகு எங்களை வெளியே போகச் சொன்னார்கள். அதுவும் முறைதான். பிரெஞ்சுத் தேர்தல் சட்டத்தில் சாவடிக்குள் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு தலைவர் ஒருவருக்கே. அவர் கேட்காமல் ஆயுதம் தாங்கிய காவல் உள்ளேயும் நிற்கக் கூடாது, வாசலிலும் நிற்கக் கூடாது. அரசாங்கம் துப்பாக்கியைக் காட்டி ஓட்டு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல சட்டம். எதிரே இருந்த இலுப்பை மரத்தடியில் நாங்கள் நின்றோம்: சூசை ஐயா, நான், பழனி என்ற இன்னொரு சிப்பாய்.

சற்று நேரத்தில் சேரிச் சனங்களைக் காரியக்காரர் வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தார். காரியக்காரர் என்றால் பண்ணையின் மேற்பார்வையாளர்; கையில் எப்போதும் ஒரு பூண் போட்ட தடி இருக்கும். வந்தவர்களை வாசலில் உட்கார வைத்தார். உள்ளே போனார், வந்தார்.

"ஒங்க ஓட்டெல்லாம் விழுந்தாச்சு. வேலைக்குப் போங்க."

ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாய்க்கால் பக்கம் நடந்தார்கள். சூசை ஐயா இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே "ஆ வோத்தே!" என்ற குரல் கேட்டது. சிறிது நிறுத்தி இன்னொன்று. பிறகு நிறுத்தாமல், நெல் அளக்கும்போது எண்ணிக்கை சொல்வது போல. வாசலில் நுழைபவர் யாருமில்லை. உள்ளே மட்டும் "ஆ வோத்தே! ஆ வோத்தே!" என்று குரல் போய்க்கொண்டே இருந்தது.

பழனி என்னைப் பார்த்தான். நான் சூசை ஐயாவைப் பார்த்தேன்.

"தலைவர் கூப்பிடல" என்றார் அவர். எங்களுக்குச் சொன்னது போல இல்லை.

அப்போதுதான் காத்தானும் அஞ்சலையும் தனியாக வந்தார்கள். காத்தானின் தலை ஈரமாக இருந்தது. குளித்துவிட்டு வந்திருந்தார். எங்களைக் கடக்கும்போது சூசை ஐயாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். அவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் அதற்குப் பதில் சலாம் வைத்தார். ஒரு பண்ணையாளுக்குப் பிரிகாதியே சலாம் வைத்ததை வாசலில் நின்ற ஆட்கள் பார்த்தார்கள்.

காத்தான் உள்ளே போனார். அஞ்சலை வாசற்படியில் நின்றார். திறந்த ஜன்னல் வழியாக உள்ளே பேசுவது எங்களுக்குக் கேட்டது.

"பேரு?"

"காத்தானுங்க. மாரி மவன்."

"ஒன் ஓட்டு விழுந்துருச்சு. போ."

"நான் இப்பதானுங்களே வர்றேன்."

"விழுந்துருச்சுன்னா விழுந்துருச்சு. போடா."

"துணிக்குள்ள போயி நானேதான் போடணும்னு பிரிகாதியே ஐயா சொன்னாருங்க."

இதைக் கேட்டதும் சூசை ஐயா மரத்தடியை விட்டுத் தெருவுக்கு வந்தார். சாவடி எல்லைக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டில் நின்று பிரெஞ்சில் உரக்கக் கேட்டார்: "தலைவர் அவர்களே, எங்கள் உதவி தேவையா?"

உள்ளிருந்து பெரிய பண்ணை பிரெஞ்சிலேயே பதில் சொன்னார்: "தேவையில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது."

அந்த நேரத்தில் உள்ளே துணி கிழிவது போல ஒரு சத்தம். தொடர்ந்து ஓர் அடி. தடியால் மண்ணை அடிப்பதற்கும் மனிதனை அடிப்பதற்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு. போலீசில் இருப்பவனுக்கு அது தெரியும். அஞ்சலை "ஐயோ, கொல்றாங்களே!" என்று கத்தினார்.

சூசை ஐயா மறுபடி கேட்டார். பதில் இல்லை. யாரோ "ஆ வோத்தே!" என்றார்கள்.

அவர் பெல்ட்டை அவிழ்த்தார். கைத்துப்பாக்கியோடு சேர்த்துப் பழனியின் கையில் கொடுத்தார். தொப்பியைக் கழற்றி அதன் மேல் வைத்தார்.

"ஆயுதம் தாங்குன காவல் உள்ள போகக் கூடாது" என்றார் என்னிடம். "ராசு, நீ வரணும்னு நான் உத்தரவு போடல."

நானும் என் துப்பாக்கியைப் பழனியிடம் கொடுத்தேன். அவன் இரண்டையும் அணைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றான். நாங்கள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினோம்.

உள்ளே நான் பார்த்ததை மூன்று தடவை சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அதையே சொல்கிறேன். மூலையில் கட்டியிருந்த மறைப்புத் துணி பாதி அறுந்து தொங்கியது. அதற்குப் பின்னால் பண்ணையின் ஆட்கள் இருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் உறைகள். ஒருவன் சீட்டை நுழைக்க, மற்றவன் ஒட்டிக்கொண்டிருந்தான். அவர்கள் காலடியில் காத்தான் கிடந்தார். இடது காதுக்கு மேலே பிளந்திருந்தது. காரியக்காரர் தடியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். தடியின் பூணில் முடி ஒட்டியிருந்தது.

பெரிய பண்ணை நாற்காலியிலிருந்து எழவில்லை.

"ஒங்களை யார் உள்ள வரச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

"காவல் உள்ள வரக் கூடாதுன்னு சட்டம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ங்க. காவல் வரல. நாங்க ரெண்டு பேரும் வெறுங்கையோட வந்திருக்கோம்." சூசை ஐயா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இவரைத் தூக்கிட்டுப் போறோம். தடுக்கறவங்க தடுங்க."

யாரும் தடுக்கவில்லை. நான் தோளைப் பிடித்தேன், அவர் காலைப் பிடித்தார். அஞ்சலை தன் முந்தானையைக் கிழித்துத் தலையைச் சுற்றிக் கட்டினார். தெருவில் போன ஒரு மாட்டுவண்டியை நிறுத்திக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வண்டி வைக்கோல் நனைந்துகொண்டே வந்தது. நெடுங்காடு தாண்டியதும் காத்தானுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. சூசை ஐயாவின் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"உள்ள ஆளு இருக்காங்க ஐயா" என்றார். "யாரும் இருக்க மாட்டாங்கன்னீங்களே. உள்ள ஆளு இருக்காங்க."

குறை சொல்லும் குரலில்லை அது. தெரியாத ஒருவருக்குத் தகவல் சொல்வது போல. ஆஸ்பத்திரி வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். சூசை ஐயா அவர் கையைப் பிடித்தபடி, "ஆமாய்யா, பாத்தேன், நானும் பாத்தேன்" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் காத்தான் இறந்துபோனார். அவர் பேரில் விழுந்த ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்தது. அந்தச் சாவடியில் ஏறத்தாழ எல்லோரும் ஓட்டுப் போட்டுவிட்டதாக முடிவு வந்தது. ஊரில் இல்லாதவர்களும், செத்துப்போனவர்களும் சேர்த்துத்தான்.

விசாரணை நீதிபதி ஒரு பிரெஞ்சுக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அஞ்சலைக்கு நாற்காலி போடச் சொன்னார். அந்த அம்மாள் உட்காரவில்லை. துணியால் தலையை மூடிக்கொண்டு நின்றபடியே, நடந்தது முழுவதையும் சொன்னார். "யார் அடித்தது?" என்று மொழிபெயர்த்துச் சொல்லும் துவிபாஷி கேட்டதும் காரியக்காரரைக் கை நீட்டிக் காட்டினார். அந்தக் கை இறங்க நேரமாயிற்று.

ஆனால் அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல அஞ்சலையைத் தவிர வேறு சாட்சி கிடைக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் அனைவரும் பெரிய பண்ணையின் ஆட்கள். காத்தான் துணியைப் பிடித்து இழுத்துக் கால் தடுக்கி மேசை முனையில் விழுந்தார் என்று ஒரே மாதிரிச் சொன்னார்கள். தடிப்பட்ட காயம் என்று டாக்டர் எழுதியிருந்தார். யார் கைத் தடி என்று அவரால் எழுத முடியாதே. சேரிச் சனங்களைக் கூப்பிட்டார்கள். வந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்க வாய்க்கால்ல நின்னோமுங்க" என்றார்கள். வெளியே வந்ததும் நான் கோபமாக ஏதோ சொல்லப் போனேன். அஞ்சலை தடுத்தார்.

"விடுங்க ஐயா. அவுங்க நாளைக்கும் அந்த ஊர்லதான கண்ணு முழிக்கணும்."

சூசை ஐயாவுக்குப் பிறகு என் முறை வந்தது. தடியைப் பார்த்தேன், முடியைப் பார்த்தேன், துணிக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தேன் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தலைவர் கூப்பிடாமல் அந்த அறைக்குள் நீங்கள் நின்றது சட்டப்படியா?"

"இல்லை" என்றேன்.

"சட்டத்தை மீறி நுழைந்தவர்கள், அதை நியாயப்படுத்த எதையாவது பார்த்ததாகச் சொல்லத்தான் செய்வார்கள்" என்று அவர் நீதிபதியிடம் திரும்பினார்.

வழக்கைத் தொடரப் போதுமான ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடினார்கள். தேர்தலைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து பாரிசுக்குப் புகார் போனது. எங்கள் சாவடியைப் பற்றியும் யாரோ எழுதினார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கிருந்து ஒருவரும் நெடுங்காட்டுப் பக்கம் வந்து பார்க்கவில்லை.

தண்டனை கிடைத்தது சூசை ஐயாவுக்குத்தான். காவல் பணியின்போது ஆயுதத்தைக் கைவிட்டார் என்பது குற்றச்சாட்டு. மேலதிகாரி கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "ஆமாம், கைவிட்டேன். சட்டத்தை மீறாமல் உள்ளே போக எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்றார். சட்டைக் கையில் தைத்திருந்த பதவிப் பட்டியைப் பிரித்தெடுத்தார்கள். சிப்பாயாக இறக்கிச் சிறை வாசலில் நிறுத்தினார்கள். என்னைக் கண்டித்துவிட்டு விட்டார்கள். நான் சின்னவன், அவர் பின்னால் போனவன் என்று எழுதிக்கொண்டார்கள். சிறை வாசலில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சட்டை முன்போலவே மடிப்புக் கலையாமல் இருக்கும். ஆனால் சட்டத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். நானாகப் பேச்சை எடுத்தால், "மழை வரும் போல இருக்கு" என்பார்.

ஐம்பத்துநான்கில் காற்று திரும்பியது. பிரெஞ்சுக்காரன் போகப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதுவரை பிரெஞ்சுக் கொடிக்குக் கை தட்டியவர்கள் பலர் ஒரே வாரத்தில் கதர் கட்டினார்கள். பெரிய பண்ணை எங்கள் பகுதியில் முதல் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். காரியக்காரர் அவருக்குப் பின்னால் கொடி பிடித்தார். நவம்பரில் ஆட்சி கைமாறியது. சிவப்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு நான் இந்திய அரசின் காவலன் ஆனேன். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்றால் பொய். அன்று கடற்கரையில் நானும் கத்தினேன், நானும் இனிப்புத் தின்றேன்.

சில நாள் கழித்து அஞ்சலை நிலையத்துக்கு வந்தார். கூலிக்குப் போன இடத்திலிருந்து நேரே வந்திருந்தார். கால் முழுக்கச் சேறு. பண்ணைக் குடிசையிலிருந்து அவரை எப்போதோ வெளியேற்றிவிட்டிருந்தார்கள். புதிய இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. அஞ்சலை சொன்னதை முழுக்கக் கேட்டார். என்னையும் விசாரித்தார். மேலே கேட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தார். மேலிடத்தில் கேட்டும் பார்த்தார்.

அடுத்த முறை அந்த அம்மாள் வந்தபோது அவர் சங்கடத்தோடு சொன்னார்: "அது அந்த கவர்ன்மென்ட் மூடுன கேசும்மா. நாங்க தொறக்க முடியாது. அவங்க போயிட்டாங்க."

"கவர்மெண்டுதானுங்களே போச்சு" என்றார் அஞ்சலை. "அடிச்சவரு இங்கதான இருக்காரு? இப்பக்கூட கடைத்தெருவுல பாத்துட்டுத்தான் வாரேன்."

அஞ்சலை கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பாரிசில் மறுபடி தேர்தல் நடந்தபோது எங்களுக்கு அதில் ஓட்டு இல்லை. தொகுதி கலைந்துபோயிருந்தது. டெல்லிக்கு ஆள் அனுப்பும் முறையும் அப்போது எங்களுக்கு வரவில்லை. அதற்கு இன்னும் வெகுகாலம் ஆயிற்று. இரண்டு பக்கமும் ஆள் இல்லாத ஊராக நாங்கள் இருந்த அந்த ஆண்டில் சூசை ஐயா பிரான்சுக்குப் புறப்பட்டார். சட்டப்படி அவர் பிரெஞ்சுக்காரர் அல்லவா? மகன் அங்கே வேலையில் சேர்ந்திருந்தான். போவதற்கு முன்னால் அஞ்சலையைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குத்தான் இடம் தெரியும். நெடுங்காட்டில் ஒரு நெல் மில்லில் அவித்த நெல்லைக் காயவைக்கும் வேலை.

நாங்கள் போனபோது உச்சிவெயில். சிமெண்டுக் களம் முழுக்க நெல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அஞ்சலை காலால் நெல்லைக் கிளறியபடி நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓரத்துக்கு வந்தார். சூசை ஐயா கோட்டுப் போட்டிருந்தார். அந்த வெயிலில் அது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்.

"நான் பிரான்சுக்குப் போறேம்மா" என்றார். "அங்க போயி இந்த விஷயத்தை எடுத்துச் சொல்லலாம்னு இருக்கேன்."

"யாருகிட்டங்க சொல்லுவீங்க?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அஞ்சலையே கேட்டார்.

"நம்ம ஓட்டுல போனவரு அங்கதான இருக்காரு? அவருகிட்டயா?"

"அவரு இப்ப அங்க இல்லம்மா. புதுசா எலெக்சன் நடந்துச்சு. அதுல நமக்கு ஓட்டு இல்ல."

"அப்ப நம்மளுக்குன்னு அங்க வேற யாரு?"

"யாரும் இல்ல. நம்ம தொகுதியே இப்ப இல்லம்மா. எடுத்துட்டாங்க."

அஞ்சலை அதை உடனே புரிந்துகொள்ளவில்லை. நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அப்ப எதுக்குங்க எம் புருசனை அடிச்சாங்க?"

சூசை ஐயா கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். மில் வாசலிலிருந்து யாரோ அஞ்சலையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அஞ்சலை இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, களத்தில் இறங்கி, சுடுகிற நெல்லுக்குள் மறுபடி காலை விட்டார்.